ஏழாம் நம்பரிடம் உத்தரவு கேட்ட டாக்டர்

உலகத்திலேயே மனிதரைவிட ஆட்டுக்கு அதிக மரியாதை கொடுத்த டாக்டர் எங்கள் லப்டப் ஒருவர்தான். காலையில் கொட்டகைக்குள் நுழைந்ததும் செம்மறிகளிடம், "சாப்பிட்டீகளா?" என்று விசாரிப்பார். அறிக்கை தட்டச்சு செய்யும் என்னைப் பார்த்து, "ஏலே, இங்கன வா" என்பார். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது உபயோகப்படவில்லை.

மல்லாங்கிணறு ரோட்டில் இருந்தது எங்கள் ஆராய்ச்சிக்கூடம். அதாவது, ஏசி போட்ட ஓர் அறுவை அறை, அதையொட்டி ஓர் ஆட்டுக் கொட்டகை. மனிதனின் இதய வால்வு கெட்டால் செயற்கை வால்வு வைக்கிறார்கள். நாளாவட்டத்தில் அதில் சுண்ணாம்பு படிந்து இறுகிப்போகும். நமக்கு வருடக்கணக்கில் படிவது இளங்கிடாக்களுக்குச் சில மாதங்களிலேயே படிந்துவிடுமாம். அதனால் புது வால்வு எதுவானாலும் முதல் மரியாதை கிடாவுக்கு. நல்ல காரியங்களுக்குக் கிடாவை முன்னால் நிறுத்துவது நமக்குப் புதிதா என்ன?

லப்டப் யாரையும் விடமாட்டார். டீ கொண்டு வருகிறவர், மிளகாய் வத்தல் வியாபாரி, எல்லார் நெஞ்சிலும் ஸ்டெதஸ்கோப்பை வைத்து லப்டப் சத்தத்தைக் கேட்டுவிட்டு, ஏழாம் நம்பர் அளவுக்கு இல்லை என்று பெருமூச்சு விடுவார். ஏழாம் நம்பர், அவர் கையால் புது வால்வு வைத்த செல்லக் கிடா. பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில் சரவெடி சோதித்தால் அதற்கு நெஞ்சு படபடக்கிறது என்று, தீபாவளி ஆர்டரைக் கொஞ்சம் மெதுவாக வெடிக்கும்படி மேனேஜரிடமே போய்க் கேட்டார். மேனேஜர் அவரை மிகுந்த மரியாதையோடு வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

கெடு வந்தது. ஏழாம் நம்பருக்கு மயக்க மருந்து கொடுத்து, வலியில்லாமல் அதன் கதையை முடித்து, வால்வை எடுத்துப் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் அத்தனை மாத உழைப்பும் வீண். சென்னைத் தலைமை திட்டத்தையே மூடிவிடும். விலங்கு நலக் கமிட்டி எப்போதோ அனுமதி கொடுத்தாயிற்று.

"கமிட்டி கையெழுத்துப் போட்டுச்சு. கிடா போடலையேலே" என்றார் லப்டப்.

இருக்கன்குடி கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கிடாவின் தலையில் மஞ்சள் தண்ணீர் தெளித்துக் காத்திருப்பார்களே, அது உடம்பைச் சிலிர்த்துத் துலுக்கினால்தான் வெட்ட உத்தரவு. வெளிநாட்டில் படித்த எங்கள் விஞ்ஞானி அதே முறைப்படி சொம்பும் கையுமாக நின்றார். வால்வு வைத்த அன்று இந்தச் சடங்கெல்லாம் இல்லை. அதற்குப் பிறகுதான் இருவரும் பழகிவிட்டார்களே. ஒரு சொம்பு, இரண்டு சொம்பு, அப்புறம் வாளி. அந்த வருடம் எங்கள் மானாவாரிக் காடுகளில் அவ்வளவு மழை பெய்யவில்லை. ஏழாம் நம்பர் நிதானமாக அசைபோட்டுக்கொண்டு நின்றது.

கொட்டகை கூட்டும் பேச்சியம்மாள் விளக்குமாற்றை வைத்துவிட்டு வந்தார். மூச்சு வாங்குகிறது என்று தீப்பெட்டி ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்தவர். சிறு வயதுக் காய்ச்சல் ஒன்றில் அவருடைய இதய வால்வு சுருங்கிப்போயிருந்தது. கிடாவின் காதோரம் குனிந்தார்.

"எனக்கும் அங்கனதாம்லே கோளாறு. எனக்கு ஆகாட்டியும் பின்னால வாரவுகளுக்கு ஆகும். காமிச்சிட்டுப் போ."

கிடா துலுக்கியது. லப்டப் சுவர்ப் பக்கம் திரும்பி, வெகுநேரம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

வால்வில் துளிச் சுண்ணாம்பு இல்லை. அறிக்கையின் நன்றிப் பக்கத்தில், பேச்சியம்மாளுக்கு அடுத்து ஏழாம் நம்பரையும் சேர்க்கச் சொன்னார். விஞ்ஞானத்தில் இதென்ன கூத்து என்று சென்னை அடித்து அனுப்பியது. மறுபடி போட்டேன்; மறுபடி அடித்தார்கள். போகட்டும் விடு என்று லப்டப்பே சொல்லிவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. அவருக்குத் தெரியாமல் மூன்றாவது முறையும் அந்த வரியைச் சேர்த்து அனுப்பியது நான்தான்.