இருநூறுக்குக் கீழே

கிட்ட வாருங்கள், செல்லங்களே. விஜயகலாவுக்கு ஒரு வாரம் வயிறெரிந்த கதை ஒன்று வைத்திருக்கிறேன். கேட்டால் உங்களுக்கும் எரியும்.

“இது என்ன பிள்ளை, தாளோ, பாயோ?”

கேதீசன் அளவுச் சீட்டை மேசையில் எறிந்தார். “எண்ணூறு நனோமீற்றர்! எனக்கு இருநூறுக்குக் கீழ வேணும்.”

பலாங்கொடைக்கு மேலே உள்ள அந்த ஆய்வுகூடத்தின் பொறுப்பாளர் அவர். அங்கே பென்சில் காரீயத்தை ஒட்சைட்டாக்கி, ஒற்றை ஒற்றைத் தாளாகப் பிரித்து, மூலையில் கேனில் இருக்கும் சுத்தத் தண்ணீரில் கலந்து வைப்பார்கள். கிரபீன் ஒட்சைட்டு என்று பெயர். கண்ணுக்கே தெரியாத தாள்கள். சத்த அலை மெஷினில் வைத்து அவற்றை உடைத்துச் சிறிதாக்குவது விஜயகலாவின் வேலை. தேயிலைத் தோட்டத்து லய வீட்டிலிருந்து பட்டம் படித்து வந்தவள். வெள்ளிக்கிழமை கொழும்பிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அதற்குள் அளவு சரிவந்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

“ஒரு மணித்தியாலம் ஓட்டினேன் சேர்.”

“ரெண்டு ஓட்டும்.”

ஓட்டினாள். செவ்வாய்க்கிழமை, அளவு பார்க்கும் நுஸ்கா சீட்டை நீட்டினாள். ஆயிரத்து ஐந்நூறு.

“உடைக்க உடைக்க வளருதா? இது என்ன, கவ்வாத்து வெட்டின தேயிலையா?” என்று விஜயகலா தலையில் கைவைத்தாள்.

“அமிலம் மிச்சமிருக்கும். கேன் தண்ணியில நல்லாக் கழுவும்,” என்றார் கேதீசன்.

மூன்று தரம் கழுவினாள். மெஷினைச் சுற்றி ஐஸ் வைத்தாள். புதன்கிழமை இரண்டாயிரத்து அறுநூறு. வியாழக்கிழமை எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்கி, ஆறு தரம் கழுவினாள். போத்தலின் அடியில் கறுப்புக் கட்டி தங்கியது. ஐயாயிரத்துக்கும் மேல்!

“கொழுந்து பறிக்கிற கையால நனோ வேலை செய்யேலுமோ?” என்றார் கேதீசன்.

விஜயகலாவுக்குக் காது சுட்டது. “அந்தக் கையாலதான் சேர் எங்கம்மா என்னைப் படிக்க வெச்சாங்க. அதை இதுக்குள்ள இழுக்காதீங்க!”

“வாய்க்கு மட்டும் குறைச்சலில்லை.”

வெள்ளிக்கிழமை வந்தது. கொழும்பு ஆட்கள் இருவர் நாற்காலியில் உட்கார்ந்து, டீயைக் குடிக்காமல் போத்தலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நுஸ்காவுக்கு என்னவோ சந்தேகம். மூலையிலிருந்த கேனில் உப்பளக்கும் மீற்றரைத் தோய்த்தாள்.

“அக்கா! சுத்தத் தண்ணியில உப்பு! அதான் உடைஞ்ச தாளெல்லாம் திரும்ப ஒண்டோட ஒண்டு ஒட்டியிருக்கு!”

கேதீசன் வந்தவர்கள் பக்கம் திரும்பினார். “பாத்தீங்களோ? சோத்துக் கையை விட்டு அளைஞ்சிருக்கிறா. இண்டைக்கே கடிதம் எழுதுறன், நாளைக்கு வரத் தேவையில்லை.”

“என்ன சேர் அநியாயம்? நான் சோத்துப் பார்சலை வெளியில வெச்சுத்தான் திங்கிறேன். கேனுக்குள்ள நான் எதுக்கு உப்புப் போடணும்?”

“பின்ன ஆர் போட்டது? பேயோ?”

கூட்டித் துடைக்கும் மருதாயி மாப்பைச் சுவரில் சாத்திவிட்டு முன்னால் வந்தாள்.

“அனே, புள்ளைய ஏசாதீங்க ஐயா! ‘கண்ணூறு பட்டிட்டுது’ன்னு வெடியக்காலையில வந்து, கல்லுப்பால மெஷினைச் சுத்தி அந்தக் கேன்ல கரைக்கிறது நீங்கதானே? அது தரை கழுவுற தண்ணி இல்லீங்கன்னு சொல்ல வந்தேன், ‘உம்மட வேலையைப் பாரும்’னு வெரட்டிட்டீங்க. திங்கக்கிழமை ஒரு கைதான் போட்டீங்க, நேத்து நாலு கை. இன்னைக்கு விருந்தாளி வர்றாங்கன்னு பையோட கவுத்திட்டீங்களே!”

உங்கள் வீட்டுச் சோற்றில் உப்பு அளவாகவே இருக்கட்டும், செல்லங்களே. உங்கள் பிள்ளைகள் படித்த படிப்புக்கு மரியாதை குறையாதிருக்கட்டும்.