உறையைத் தடவிய சாமி

காலை எட்டு மணிக்கே ஆராய்ச்சி நிலையத்தின் கூட்ட அரங்கில் நிற்க இடமில்லை. புதிய கோள் எதையும் யாரும் கண்டுபிடித்துவிடவில்லை. கதகதப்புச் சாமி வந்திருந்தார், அவ்வளவுதான்.

அரசு நிதி கேட்டு எழுதிய திட்டத்தை உறையில் போட்டு ஒட்டி, மேலே பெயர் எழுதி, காணிக்கையோடு நீட்ட வேண்டும். சாமி உறையை ஒரு பார்வை பார்ப்பார். பிறகு கண்ணை மூடி உள்ளங்கையை வைப்பார். நிதிச் செயலாளரின் மனசு உறைக்குள் தெரியுமாம்! கதகதப்பாக இருந்தால் பணம் வரும். ஜில்லென்று இருந்தால் வராது.

போன வருடம் அவர் வாக்குக் கொடுத்த ஏழு பேருக்கு நிதி கிடைத்தது. வாக்குக் கொடுத்தும் கிடைக்காத பதினான்கு பேர் வெட்கத்தில் வாயைத் திறக்கவில்லை. அந்த ஏழு பேர் போட்ட சத்தத்தில் சாமியின் புகழ் மாடிக்கு மாடி ஏறியது.

வரிசையில் யார் யார்? விண்மீன்களின் வயதைச் சொல்பவர். ஆயிரம் பேரிடம் சோதிக்காத மருந்தைத் தொடமாட்டேன் என்று மேடையில் முழங்குபவர். படித்த படிப்பெல்லாம் கைகட்டி நின்றது!

தண்ணீர் ஆய்வகத்து அம்மாவும் உறையோடு நின்றார். நம்பிக்கையினால் அல்ல, சாமி தொடாத திட்டத்தில் இயக்குநர் கையெழுத்துப் போடமாட்டார். ஊர்ப் பள்ளி ஒன்றின் குடிநீரில் ஈயம் கலந்திருந்தது. பன்னிரண்டு பிள்ளைகளின் ரத்தத்திலும் அது ஏறிவிட்டது. இன்னும் எத்தனை தெருக்களில் ஈயக் குழாய் இருக்கிறதென்று சோதிக்க நிதி வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

சாமி பெயரைப் பார்த்தார். கேள்விப்படாத பெயர். "ஐஸ்கட்டி மாதிரி இருக்கும்மா."

அம்மா இயக்குநரிடம் ஓடினார். "சார், பிள்ளைங்க இன்னும் அந்தத் தண்ணியத்தான் குடிக்குதுங்க."

"சாமியே ஜில்லுன்னுட்டாரு. நான் அனுப்பினா நம்ம நிலையத்தோட ராசி என்னம்மா ஆகிறது?"

மறுநாள் அம்மா அதே தாள்களைப் புது உறையில் போட்டு ஒட்டினார். மேலே இயக்குநரின் பெயரை எழுதி, அரங்கு நிறைந்திருந்த வேளையில் சாமியிடம் நீட்டினார்.

சாமி பார்த்தார், தொட்டார், துள்ளினார். "அப்பப்பா, சுடுது! கை வெந்துடும் போல இருக்கே!" உள்ளங்கையை ஊதிக்கொண்டார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த இயக்குநர் பூரித்துப்போனார்.

"பிரிச்சுப் பாருங்க சார்" என்றார் அம்மா.

இயக்குநர் பிரித்தார். முதல் பக்கத்தைப் படித்தார். முகம் கறுத்தது. "இது உன்னோட தண்ணித் திட்டமாச்சே!"

"ஆமா சார். நேத்து ஐஸ்கட்டி, இன்னைக்கு நெருப்பு."

சாமி அசரவில்லை. "உறை மாறினா விதியும் மாறும்மா."

"சரிங்க சாமி. இங்க இருக்கிற உறையெல்லாத்தையும் கவுத்துப் போட்டுக் கலைக்கிறேன். ரெண்டு தடவை தொட்டுச் சொல்லுங்க. ரெண்டும் ஒண்ணா வருதான்னு பார்ப்போம்."

"பேரு தெரியாம எப்படிம்மா சொல்றது?" சாமிக்கு வாய் தவறிவிட்டது.

அரங்கே சிரித்தது. விண்மீன்காரர் மட்டும் மெல்ல எழுந்து, "அப்போ என்னோடது நிஜமாவே கதகதப்புதானே சாமி?" என்று கேட்டார். என்னத்தைச் சொல்ல! பதில் சொல்லச் சாமி அங்கே இல்லை. காணிக்கைப் பெட்டியும் இல்லை.

அவமானத்தில் இயக்குநர் கையெழுத்துப் போட்டார். அம்மா தாள்களோடு நிதிச் செயலாளரின் அலுவலகத்துக்கே போனார்.

செயலாளர் தாள்கட்டின் தடிமனைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "உங்க ஆளுங்க நூறு பக்கம் அனுப்புறாங்க. நான் என்ன முடிவு எடுக்கணும்னு ஒரு வரி இருக்காது. நீங்க வாயாலயே சொல்லுங்க."

"நாப்பது தெருவுல குழாயைச் சோதிக்கணும் சார். எதை முதல்ல மாத்தணும்னு ஆறு வாரத்துல சொல்லிடுவோம். சில வீட்டுல சோதனை முடிவு தப்பா வரலாம். அங்க திரும்பச் சோதிப்போம்."

"இந்தப் பள்ளிக்கூடம்?"

"அங்க குழாயை இன்னைக்கே மூடணும். அதுக்கு எந்த ஆராய்ச்சியும் வேண்டாம்."

செயலாளர் தொலைபேசியை எடுத்தார். "அந்தக் குழாயை இப்பவே மூடச் சொல்லுங்க." வைத்துவிட்டு, திட்டத்தின் ஓரத்தில் 'அனுமதி' என்று எழுதினார். "இதை ஏன் யாரும் முன்னாடியே வந்து சொல்லலை?"

ஏன் என்று நாம் சொல்லலாம். வந்து சொல்ல வேண்டியவர்கள் எல்லாரும் சாமியின் வரிசையில் நின்றிருந்தார்கள். அணுவைப் பிளக்கத் தெரிந்த மேதைகளே, ஓர் அதிகாரியிடம் போய் "உங்களுக்கு என்ன தெரியணும்?" என்று கேட்கக்கூடவா உங்களுக்கு ஒரு சாமி வேண்டும்?