டனல் முதலாளியின் இருட்டுச் சங்கம்

மண்டபத்தில் சங்கம் வைத்தவர்களை எனக்குத் தெரியும். கோயில் மடத்திலும் சாப்பாட்டுக்கடை மாடியிலும் சங்கம் வைத்தவர்களையும் தெரியும். மலையின் வயிற்றுக்குள்ளே, கும்மிருட்டில், ஓடுகிற ரயிலில் எழுத்தாளர் சங்கம் வைத்த மனிதர் இந்த உலகத்திலேயே ஒருத்தர்தான். அவர் ஹட்டன் பஜாரில் கருவாட்டுக் கடை வைத்திருந்தார். அப்பா அம்மா வைத்த பெயர் ஏதோ இருந்திருக்கும். எங்களுக்கு அவர் டனல் முதலாளி.

முதலாளி தன் வாழ்நாளில் ஒரு கதை எழுதியதில்லை. அவர் எழுதியதெல்லாம் கடை வாசலில் தொங்கும் பலகை மட்டும்தான். ஒருநாள் 'நெத்திலி நல்லா இருக்கு' என்று இருக்கும். மறுநாள் 'இன்னைக்குப் பாரை சுமார்தான்' என்று இருக்கும். சொந்தக் கடைச் சரக்கைச் சுமார் என்று எழுதித் தொங்கவிடுகிற வியாபாரியை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? எனக்குப் பொறுக்கவில்லை, கேட்டுவிட்டேன்.

"ஏன் முதலாளி, சுமார்னு எழுதி வச்சா யாருங்க வாங்குவா?"

"இன்னைக்கு வாங்க மாட்டாங்க டீச்சர். நல்லா இருக்குன்னு எழுதுற அன்னைக்கு கண்ண மூடிக்கிட்டு வாங்குவாங்க. கடை நாளைக்கும் இருக்கணும்ல?"

இதே புத்தியைத்தான் எங்கள் எழுத்துக்கும் கொண்டுவந்தார். அதற்கு அவருக்குக் கிடைத்த இடம் சிங்கமலை டனல், அதாவது ரயில் சுரங்கம்.

ஹட்டனில் ரயில் ஏறினால், கொட்டகலைக்கு முன்னால் அந்தச் சுரங்கம் வரும். மூன்றாம் வகுப்புப் பெட்டிகளில் அப்போது பல்பு இருந்த இடத்தில் ஓட்டைதான் இருக்கும். உள்ளே நுழைந்ததும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் மூக்குகூடத் தெரியாது. சனிக்கிழமை மத்தியான ரயிலில் எங்கள் சங்கம் கூடும். ரயில் எப்படியும் பிந்தித்தான் வரும் என்பதால் ஹட்டன் பிளாட்பாரத்து பெஞ்சில் கதை வாசிப்பு. குறை சொல்வது சுரங்கத்துக்குள்ளே மட்டும். கொட்டகலை தாண்டித் தலவாக்கலை வரைக்கும் பாராட்டு.

"பாராட்ட வெளிச்சத்துல சொல்லணும். சொல்றவன் பொய் சொல்றானான்னு மூஞ்சியப் பார்க்கலாம். குறைய இருட்டுலதான் சொல்லணும். யார் சொன்னான்னு தெரிஞ்சா, குறைய விட்டுட்டு ஆளப் புடிச்சுக்குவோம்" என்பார் முதலாளி.

தலைவர், செயலாளர் கிடையாது. "தலைவர்னு ஒருத்தர் வந்தா மாலை வரும். மாலை வந்தா பேச்சு வரும். பேச்சு வந்தா சங்கம் போயிரும்" என்பார். அவரவர் டிக்கட்டை அவரவர் எடுக்க வேண்டும். இன்னும் இரண்டு சட்டங்கள் உண்டு. வீட்டு நகையில் கைவைத்துப் புத்தகம் போடக் கூடாது. தன் புத்தகத்தைத் தானே விற்கக் கூடாது. அடுத்தவர் புத்தகத்தைத்தான் விற்க வேண்டும்.

நகைச் சட்டத்தை நான் ஏற்கனவே மீறியிருந்தேன். என் முதல் புத்தகம் அம்மாவின் தோட்டை அடகு வைத்துப் போட்டது. வெளியீட்டு விழாவில் ஒரு பெரிய மனிதர் தன்னைப் பற்றியே பேசி முடித்து, கடைசியில் என் பெயரை மறந்துபோனார். வந்தவர்கள் ஆளுக்கொரு இலவசப் பிரதியோடு வடையும் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். மிச்சக் கட்டெல்லாம் கட்டிலுக்கு அடியில். அங்கே பூனை குட்டி போட்டதுதான் என் இலக்கியத்தால் ஒரு ஜீவன் அடைந்த ஒரே பயன்.

அப்படிச் சோர்ந்து கிடந்த என்னை இழுத்துக்கொண்டு போனவர் செல்வம் அண்ணன். பொகவந்தலாவை பஸ் டிரைவர், கவிதை எழுதுபவர். வளைவுக்கு வளைவு ஒரு வரி யோசிப்பார். பஸ்ஸில் இருப்பவர்கள் சாமியைக் கூப்பிட்டுக்கொண்டு வருவார்கள். சங்கத்தில் இன்னொருவர் மருந்து ஐயா. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர். கட்டுரை எழுதுவார். அவர் கட்டுரையும் அவர் கொடுக்கும் மருந்து மாதிரித்தான், முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்க வேண்டும்.

சுரங்கச் சட்டத்தில் ஒரேயொரு கோளாறு இருந்தது. அதைப் போட்ட முதலாளியேதான் அந்தக் கோளாறு. இருட்டானதும் மனிதர் சத்தமில்லாமல் எழுந்து இடம் மாறுவார். குரலையும் மாற்றுவார். ஒருநாள் பெண் குரல், ஒருநாள் சளி பிடித்த குரல். என்ன மாற்றி என்ன? அவர் போகிற இடமெல்லாம் கருவாட்டு வாசமும் கூடவே போகும்.

"ரெண்டாவது பாட்டுல மூச்சு முட்டுது, அத வெட்டிப் போடுங்க" என்று ஒரு கீச்சுக் குரல் கேட்கும்.

"முதலாளி, நீங்கதானே?" என்பார் செல்வம் அண்ணன்.

"இல்ல. நான் வேற ஆளு."

வெளிச்சம் வரும்போது தன் பழைய இடத்தில், ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பார். நாங்களும் கண்டுகொள்ள மாட்டோம். அதுவும் எழுதாத சட்டம்.

பல வாரம் சும்மா கேட்டுக்கொண்டிருந்த எனக்கும் ஒரு சனிக்கிழமை முறை வந்தது. யாருக்கும் காட்டாமல் ஒரு நாவல் எழுதி வைத்திருந்தேன். கொழும்புக்குக் கார்மென்ட் வேலைக்குப் போன கோமதி என்ற பிள்ளை ஒரே ஒரு நாளைக்குத் தன் தோட்டத்து லயத்து வீட்டுக்குத் திரும்பி வருகிற கதை. என் முறை என்று முடிவானதும் மற்றவர்கள் அதை முன்கூட்டியே வாங்கிப் படித்திருந்தார்கள். கடைசி அத்தியாயத்தை பெஞ்சில் வாசித்தேன். கோமதி தன் வீட்டுக் காம்பராவுக்குள், அந்த ஒற்றை அறைக்குள், போய்க் கதவைச் சாத்துவதோடு அது முடியும்.

"அண்ணே, இதுதான் கடைசி. இவங்க சரியில்லன்னு சொன்னா கட்ட அப்படியே அடுப்புல போட்டுருவேன். பிறகு பேனாவத் தொட மாட்டேன்" என்று, பக்கத்தில் முதலாளி நிற்பதையும் பார்க்காமல், செல்வம் அண்ணனிடம் சொல்லிவிட்டுத்தான் ரயில் ஏறினேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அன்றைக்கு எனக்கு அவ்வளவு அலுத்துப் போயிருந்தது.

சுரங்கத்துக்குள் நுழைந்ததும் ஆரம்பித்தார்கள். முதல் அத்தியாயத்தில் மழை அதிகம் என்றார் ஒருவர். கோமதியின் தம்பி நடுவில் காணாமல் போய்விட்டான் என்றார் இன்னொருவர். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம்தான் இருட்டு இருக்கும்? இதோ வெளிச்சம் வந்துவிடும்.

எங்கே வந்தது? கடமுடவென்று ஒரு சத்தம். ரயில் ஒரு குலுங்கு குலுங்கிச் சுரங்கத்துக்கு நடுவிலே நின்றுவிட்டது.

தூரத்தில் கார்டு "கலபல வென்ன எப்பா!" என்று சிங்களத்தில் கத்தினார். பதற்றப்பட வேண்டாமாம்! பதற்றம் அவருக்கா எனக்கா? சட்டப்படி இருட்டு இருக்கும் வரைக்கும் குறை சொல்ல வேண்டும். பெட்டியில் யாரோ ஒரு புண்ணியவான் போன் டார்ச்சை அடித்தார். எனக்கு உயிர் வந்தது.

"டார்ச்ச அமத்துங்க! விமர்சனம் நடக்குதுல்ல!" என்று முதலாளி போட்ட சத்தத்தில் டார்ச் மட்டுமல்ல, பெட்டியில் அழுத குழந்தைகூட அடங்கிவிட்டது.

அடேங்கப்பா, அன்றைக்கு என் நாவல் பட்ட பாடு! மழை போனது, தம்பி போனான், கதையில் வந்த கோழியும் போனது. மருந்து ஐயா தலைப்பையும் விடவில்லை. கோமதிக்கு வந்த காய்ச்சலுக்கு நான் கொடுத்த மருந்தும் தப்பாம். கடைசியில் சொல்வதற்குக் குறையே தீர்ந்துபோனது. ரயில் மட்டும் அசையவில்லை. இருட்டில் சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தேன். அடுப்புக்கு நாவலைக் கொடுத்தாயிற்று என்றே நினைத்துவிட்டேன்.

அப்போது மூலையிலிருந்து, "ஈட்ட பஸ்ஸே?" என்று ஒரு குரல்.

அதற்குப் பிறகு என்ன என்று சிங்களத்தில் கேட்கிறார் ஒருவர். யாரென்று பார்த்தால், இல்லை, பார்க்க முடியாது, கேட்டால், நானுஓயாவுக்குக் காலி மரக்கறிச் சாக்குகளோடு திரும்புகிற ஒரு வியாபாரி. பிளாட்பாரத்திலேயே நான் வாசிக்க வாசிக்க அவர் காதில் செல்வம் அண்ணன் மொழிபெயர்த்திருக்கிறார்.

"அவ்வளவுதான், கதை முடிஞ்சிருச்சின்னு சொல்லுங்கண்ணே" என்றேன்.

அண்ணன் சொன்னார். அந்த மனிதர் ஒத்துக்கொள்ளவில்லை. கதவைச் சாத்தினால் எப்படி முடியும், உள்ளே அவளுடைய அம்மா இருக்கிறாளே என்று சண்டைக்கு வந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து என் பக்கத்தில் கருவாட்டு வாசம் வந்து உட்கார்ந்தது. அன்றைக்குக் கீச்சுக் குரலும் இல்லை, சளிக் குரலும் இல்லை. சொந்தக் குரல்.

"இன்னொரு குறை இருக்கு. பெரிய குறை. எனக்குப் பத்தல. உள்ளுக்குப் போயி அந்தப் பிள்ள அம்மாகிட்ட என்னா பேசுனா? அத எழுதாம அடுப்பு கிடுப்புன்னு ஏதாச்சும் செஞ்சீங்க, நான் செத்தாலும் உங்கள விட மாட்டேன் டீச்சர்."

"முதலாளி, நீங்கதானே?" என்றேன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"இல்ல. நான் வேற ஆளு."

ரயில் நகர்ந்தது. வெளிச்சம் வந்தபோது அவர் எதிர் பெஞ்சில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, தேயிலை மலையை முதல் தடவை பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுதினேன். கதவுக்கு உள்ளே நடந்ததுதான் அந்த நாவலின் பாதி ஆனது. யார் வீட்டுத் தோடும் அடகுக்குப் போகவில்லை. படிக்கப் போகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைத்து, அந்த அளவுக்கு மட்டும் அச்சடித்தோம். செல்வம் அண்ணன் பஸ்ஸில் விற்றார். நான் அவருடைய கவிதைகளைப் பள்ளிக்கூடத்தில் விற்றேன். மருந்து ஐயாவின் கட்டுரைகளையும் விற்றேன் என்றால் என் திறமையைப் பார்த்துக்கொள்ளுங்கள். முதலாளி எல்லாருடைய புத்தகத்தையும் நெத்திலிச் சாக்குக்குப் பக்கத்தில் அடுக்கி, பலகையில் 'டீச்சர் நாவல் நல்லா இருக்கு' என்று எழுதினார். அந்தப் பலகை பொய் சொல்லாது என்று பஜாருக்கே தெரியும். கருவாடு வாங்க வந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினார்கள். கொழும்பில் ஒரு விமர்சகர் என் நாவல் நெடுகக் கடலின் வாசம் வீசுவதாக எழுதினார். கதையில் ஒரு சொட்டுக் கடல் கிடையாது. குளம்கூடக் கிடையாது.

அதற்கப்புறம் நான் பேனாவைக் கீழே வைக்கவேயில்லை.

போன மாரியில் முதலாளி காலமாகிவிட்டார். செய்தி கேட்டு வகுப்பில் பிள்ளைகளுக்கு முன்னாலேயே அழுதேன். கடை இப்போது போன் ரிப்பேர் கடை. ரயிலில் புதுப் பெட்டிகள் வந்துவிட்டன. பளிச்சென்று லைட் எரிகிறது, சுரங்கத்துக்குள் எல்லார் மூஞ்சியும் நன்றாகத் தெரிகிறது. சங்கத்துக்குப் புதிதாக வந்த ஒரு பிள்ளை, "இவ்வளவு வெளிச்சத்துல எப்படிங்க குறை சொல்றது?" என்று பயந்தாள். சிங்கமலை வந்ததும் நாங்களே கண்ணை மூடிக்கொள்கிறோம்.

எல்லாரும் மாறி மாறிக் குறை சொல்லி முடிப்பார்கள். நான் மட்டும் வெளிச்சம் வருவதற்குள், பழைய வாசம் வருகிறதா என்று ஒருதடவை மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்துக்கொள்வேன்.