சூரியகாந்தி மிஸ் சொன்ன புயல்

திருகோணமலையில் வெயிலைத் திட்டாமல் வாழ்ந்த ஒரே மனிதப் பிறவி சூரியகாந்தி மிஸ்தான். வைகாசி மாதம் துறைமுகத்துத் தார் ரோட்டில் நாய்கூடக் காலைத் தூக்கித் தூக்கித்தான் நடக்கும். அந்த நேரத்தில் யாராவது "சீ, என்ன வெயிலப்பா இது" என்று வாய்விட்டால் அவ மேசையிலிருந்து நிமிர்ந்து பார்ப்பா. சொந்தத் தம்பியை யாரோ குறை சொல்லிவிட்டதுபோல முகம் இருக்கும். வெயிலைத் திட்டுவதற்கென்றே தேத்தண்ணி ஊற்றும் அறைக்குப் பின்னால் நாங்கள் ஓர் இடம் ஒதுக்கி வைத்திருந்தோம்.

அறுபதுகளில் நான் துறைமுகத்து வானிலைக் கந்தோரில் எழுத்தராக இருந்தேன். மழையை அளப்பது, காற்றின் திசையை எழுதுவது, கொழும்புக்குத் தந்தி அடிப்பது, இறங்குதுறையில் இருக்கும் கரும்பலகையில் அறிவித்தல் எழுதுவது, இவ்வளவுதான் வேலை. மாரியில் மூன்று மாதம் மழை பெய்யும். மிச்சம் ஒன்பது மாதமும் பெரும்பாலும் பூச்சியம் எழுதுவோம். பூச்சியம் எழுத நாங்கள் மூன்று பேர்.

அந்தக் கந்தோருக்குப் பொறுப்பதிகாரியாக, சூரியனின் காந்தப் புலங்களை ஆராய்ந்து இங்கிலாந்தில் கலாநிதிப் பட்டம் வாங்கிய ஒரு பெண் வந்து இறங்கினா. அரசாங்கப் புலமைப் பரிசிலில் போனவ. படிப்பு முடிந்தால் பத்து வருஷம் அரசாங்கத்துக்கு உழைக்கவேண்டும் என்று கையொப்பம் வைத்துக் கொடுத்திருந்தா. திரும்பி வந்தபோது அவவை எங்கே போடுவது என்று கொழும்பில் ஒருவருக்கும் தெரியவில்லை. யாரோ ஒரு புத்திசாலி யோசித்திருக்கிறார்: சூரியன் இருப்பதும் வானத்தில், மழை வருவதும் வானத்தில். அப்படித்தான் அவ எங்கள் மழைமானிக்குப் பொறுப்பானா.

"அங்க கருவி இருந்தது, வெயில் இல்லை. இங்க வெயில் இருக்கு, கருவி இல்லை" என்று வந்த அன்றே சொன்னா. குறையாகச் சொல்லவில்லை. பதிவேட்டில் எழுதுவதுபோலச் சொன்னா.

பட்டப்பெயர் வைத்தவர் எங்கள் கந்தோரின் மோட்டார்ப் படகான லோஞ்சை ஓட்டிய மஜீது நானா. குடாவுக்கு அக்கரைக் கிண்ணியாக்காரர்; அங்கே அண்ணன் என்றால் நானா. என்ன படித்தீர்கள் என்று அவர் கேட்க, மிஸ் சொல்லியிருக்கிறா. நானா விடவில்லை.

"மிஸ், சூரியன் நெருப்பெல்லோ? காந்தத்தை உலையில போட்டா காந்தம் செத்துப் போகும். எங்கட கொல்லனுக்கே தெரியும். பிறகெப்பிடி?"

மிஸ்ஸின் முகம் மலர்ந்துவிட்டது. "நானா, நல்ல கேள்வி. சூரியன்ர காந்தம் இரும்புக் காந்தம் இல்லை. அங்க எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கு. அந்த ஓட்டத்திலதான் காந்தம் பிறக்குது. ஓட்டம் நிண்டா காந்தமும் இல்லை."

நானா லோஞ்சின் இயந்திரத்தை ஒருமுறை பார்த்தார். "அப்ப அது காந்திதான். சூரியகாந்தி" என்றார். அடுத்த நாள் துறைமுகம் முழுக்க அதுதான் பெயர். மிஸ்ஸுக்கும் தெரியும். ஒருமுறை தொலைபேசியை எடுத்து, "ஓம், சூரியகாந்திதான் கதைக்கிறன்" என்றே சொன்னா.

வெள்ளைக்காரக் கடற்படை விட்டுப்போன சாமான்களுக்குள்ளே ஒரு பழைய தொலைநோக்கியைத் தேடிப் பிடித்து, கந்தோர்க் கூரையில் பூட்டினா. அதற்குள்ளால் சூரியனை யாரும் பார்க்கக்கூடாது, கண் போய்விடும். வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்தால் அதில் சூரியன் தேசிக்காய் அளவில் வந்து விழும். அதில் தெரியும் கறுப்புப் புள்ளிகளைப் பென்சிலால் வரைவா. புள்ளி இருக்கும் இடம் காந்தம் கூடிய இடம். அந்தக் காந்தத்தை அளக்கும் கருவி இங்கிலாந்தில்தான் இருந்தது. ஆனால் அங்கே பாதி நாள் முகில். ஆகவே மிஸ் மாதாமாதம் தன் படங்களைப் பழைய ஆய்வுகூடத்துக்கு அனுப்புவா. அவர்கள் காணாத நாட்களின் சூரியன் எங்கள் கூரையிலிருந்து கப்பலில் போனது.

பிரச்சினை, அந்தப் புள்ளிகளின் எண்ணிக்கையை மழைப் பதிவேட்டின் குறிப்புப் பத்தியிலும் அவ எழுதியதுதான். "மழை: பூச்சியம். புள்ளி: ஏழு." கொழும்பிலிருந்து கடிதம் வந்தது: ஏழு புள்ளி மழை பெய்திருந்தால் பூச்சியம் என்று ஏன் எழுதினீர்கள்? மிஸ் பதில் எழுதினா: புள்ளிகள் சூரியனில் உள்ளவை. அடுத்த கடிதம்: சூரியன் உங்கள் கந்தோரின் அதிகார எல்லைக்குள் வருகிறதா? மிஸ்: காலை ஆறு மணி தொடக்கம் மாலை ஆறு மணி வரை வருகிறது. அதற்குப் பிறகு இரண்டு மாதம் கடிதம் இல்லை.

ஒருமுறை பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை எந்திரி, நல்ல உயரம். மிஸ் கூரையில் நின்றபடியால் அவரையும் மேலே வரச்சொல்லி, கையில் தாளைக் கொடுத்து, "ஆடாமல் பிடியுங்கோ" என்றா. மனிசன் முக்கால் மணித்தியாலம் மத்தியான வெயிலில் நின்றார். இறங்கி வந்தபோது வெற்றிலை போட்ட வாய் மாதிரி இருந்தது முகம். பிறகு வரவில்லை. "நல்ல மனிசன், கை நடுங்கவே இல்லை" என்று மிஸ் கனகாலம் சொல்லிக்கொண்டிருந்தா.

இனிச் சொல்லப்போவது சிரிப்பில்லாத பகுதி. அதில் நானும் இருக்கிறேன்.

ஒரு பங்குனி மாதம். சூரியனில் பெரிய புள்ளிக் கூட்டமொன்று நடுவுக்கு வந்தது. மிஸ் மூன்று நாள் கூரையை விட்டு இறங்கவில்லை. ஒரு காலை துண்டொன்றில் எழுதி என்னிடம் தந்தா: "சூரியனில் காந்தப் புயல். நாளை மறுதினம் கம்பியில்லாத் தந்தி தடைப்படலாம்." கப்பல்களுக்குத் தெரியவேண்டும், பலகையில் எழுதுங்கோ என்றா.

எனக்கு அன்று வீட்டில் நண்டுக்கறி. சுருக்கமாக எழுதுவதுதான் நல்ல எழுத்தருக்கு அடையாளம் என்ற எண்ணமும் இருந்தது. இறங்குதுறையில் யாருக்குச் சூரியன் விளங்கும், யாருக்குக் காந்தம் விளங்கும்? இரண்டையும் தூக்கிவிட்டேன். "புயல். நாளை மறுதினம் கம்பியில்லாத் தந்தி தடைப்படலாம்" என்று பெரிய எழுத்தில் எழுதிவிட்டு வீட்டுக்குப் போனேன். அந்த அறிவித்தலைப் பதிவேட்டில் பதிந்து நீட்டியபோது மிஸ் பார்க்காமலே கையொப்பம் வைத்தா. அவவின் கண் முழுக்கப் புள்ளியில் இருந்தது.

சில வருஷங்களுக்கு முன்னர்தான் பெரிய சூறாவளி அடித்து ஊரைப் புரட்டிப் போட்டிருந்தது. பயம் ஆறவில்லை. மத்தியானம் செய்தி கிண்ணியாவுக்குப் போய்விட்டது. பின்னேரம் இறக்கக்கண்டியில் தோணிகளைக் கரைக்கு மேலே இழுத்துக் கட்டினார்கள். செய்தி வெருகலுக்குப் போய்ச் சேர்ந்தபோது கடல் மூன்று பனை உயரம் எழும்பும் என்று ஆகியிருந்தது. சனம் ஆடு மாடுகளோடு பள்ளிக்கூடங்களில் ஏறியது. கிண்ணியாவில் கமக்காரர் இரவு பகலாக நின்று, முற்றாத நெல்லை வெட்டினார்கள்.

சொன்ன நாளில் கடல் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடந்தது. ஓர் இலை ஆடவில்லை. கம்பியில்லாத் தந்தி மட்டும் நான்கு மணித்தியாலம் செத்துப்போனது. அதை யாரும் கவனிக்கவில்லை.

விசாரணைக்குக் கொழும்பிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். குறிப்பெடுக்க என்னைத்தான் இருத்தினார்கள்.

"பலகையில் எழுதியது யார்?" என்று கேட்டார்.

"கையொப்பம் என்ர" என்றா மிஸ்.

"தந்தி நின்றதாகக் கேள்வி. அப்படியென்றால் நீங்கள் சொன்னது சரிதானே? அதைச் சொல்லித் தப்பலாமே."

"சரிதான். ஆனால் கேட்ட சனம் நெல்லை வெட்டிப்போட்டுது. அவையளுக்கு விளங்காத மாதிரிச் சொன்னா, சரியாச் சொன்னதெண்டு எப்படிச் சொல்லுறது?"

நான் அதை எழுதினேன். சொல்லை வெட்டியது யார் என்று எழுதவில்லை.

கூரைக் கதவுக்குப் பூட்டுப் போடச்சொல்லிக் கட்டளை வந்தது. தொலைநோக்கியைக் கழற்றிக் களஞ்சிய அறையில் வைத்தோம். அடுத்த நாள் மிஸ் லோஞ்சில் ஏறி, "கிண்ணியாவுக்கு விடுங்கோ நானா" என்றா. நானும் ஏறினேன்.

கிண்ணியா இறங்குதுறையில் முப்பது நாற்பது பேர் கூடிவிட்டார்கள். மிஸ் நின்றபடியே கதைத்தா. "பிழை என்ர. நீங்கள் வெட்டின நெல்லைத் திருப்பி நட என்னால ஏலாது. சொல்லிப்போட்டுப் போகத்தான் வந்தனான்."

பிறகு வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு வயதான கமக்காரர் முன்னுக்கு வந்தார்.

"மகள், புயல் உண்டா இல்லையா? அதைச் சொல்லுங்க."

"உண்டு வாப்பா. சூரியனில."

"அங்க என்ன சேதம்?"

மிஸ் அந்த மண்ணில் குந்தியிருந்து, தடியால் சூரியனைக் கீறிச் சொல்லத் தொடங்கினா. காந்தம் முறுகுவதும், அறுவதும், அறுந்தது தெறித்துப் பூமி வரைக்கும் வருவதும். ஒரு மணித்தியாலம் போயிருக்கும். சனம் வட்டமாகக் குந்தியிருந்து கேட்டது.

திரும்பும்போது லோஞ்சில் நான் சொல்லிவிட்டேன். "மிஸ், அந்த ரெண்டு சொல்லையும் வெட்டினது நான்."

"தெரியும் தம்பி. உங்கட எழுத்து எனக்குத் தெரியாதோ? வாசிக்காமல் கையொப்பம் வைச்சது நான்." பிறகு சொன்னா: "இனிச் சொல்லை வெட்டுறதெண்டா என்னட்டக் கேட்டுட்டு வெட்டுங்கோ."

பத்து நாள் கழித்து மஜீது நானா ஒரு சேதி கொண்டுவந்தார். கிண்ணியாத் துறையடிக்குப் பக்கத்தில் நெல் காயப்போடும் களம் ஒன்று இருக்கிறதாம். "வெயில் எங்கட பக்கமும் எறிக்குதுதானே, அந்தத் தொலைநோக்கியைக் கொண்டுவந்து வைக்கச் சொல்லு" என்று அந்தக் கமக்காரர் சொல்லிவிட்டிருந்தார். அதற்குப் பிறகு நான்கு வருஷம், மிஸ் தினமும் காலையில் குடாவைத் தாண்டிப் போய், நெல்லுக்கு நடுவில் நின்று சூரியனை வரைந்துவிட்டு எட்டரைக்குக் கந்தோருக்கு வந்தா. ஒரு நாளும் பிந்தவில்லை. சட்டை மடிப்பில் உமி மட்டும் ஒட்டியிருக்கும்.

பத்து வருஷம் முடிந்ததும் வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்று அவவைக் கூப்பிட்டது. அங்கே கருவியும் இருந்ததாம், வெயிலும் இருந்ததாம். போகும் நாளில் எங்கள் எல்லோருக்கும் கைகொடுத்தா. மஜீது நானா மட்டும் கைகொடுக்காமல் லோஞ்சைத் துடைத்துக்கொண்டே நின்றார். அவவுக்குப் பிறகு வந்த அதிகாரி நல்ல மனிதர். மழையை மட்டும் அளந்தார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்கு ஒரு தபால் வந்தது. சூரியனின் காந்தம் எப்படித் திசை மாறுகிறது என்று அவ எழுதிய நீண்ட கட்டுரை, அச்சில். கடைசிப் பக்கத்தில், உதவியவர்களுக்கு நன்றி சொல்லும் இடத்தில், பெரிய பெரிய பேராசிரியர்களுக்குக் கீழே கிண்ணியாவில் ஒரு நெற்களம் என்று இருந்தது.

அந்தக் கட்டுரையில் ஒரு வரிகூட எனக்கு விளங்காது. ஆனாலும் வருஷத்துக்கு ஒருதரம் எடுத்து, ஒரு சொல்லும் விடாமல், முழுக்க வாசிக்கிறனான்.