கொண்டை சோசியர் சொன்ன சேவல்

மீனாட்சிபுரத்திலிருந்து முதலமடை வரைக்கும் சல்லடை போட்டுச் சலித்தாலும், கொண்டை சோசியரைப் போல இவ்வளவு தீர்மானமாகத் தப்புச் சொல்கிற மனிதர் கிடைக்கமாட்டார். கோழிக்குஞ்சைப் பார்த்துச் சேவலா பொட்டையா என்று சொல்வது அவர் வித்தை. கண்ணை மூடிக்கொண்டு உளறினால்கூடப் பாதியாவது சரியாக வரும். அவருக்கு அந்தப் பாதியும் வராது.

எழுபதுகளில் எங்கள் பக்கம் எந்த வீட்டில் குஞ்சு பொரித்தாலும் அவருக்கு மூக்கில் வியர்த்துவிடும். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுவார். வயிற்றில் ஊதுவார். காதருகே வைத்து எதையோ கேட்பார். அப்புறம் தீர்ப்பு. கொண்டை பெருத்துச் சிவந்து, வால் அரிவாளாய் வளைந்தால் சேவல் என்று ஊருக்கே தெரியும். அதுவரை பொறுக்க மனிதரால் ஆகாது.

ஒரு கோடையில் எங்கள் கிணறு வற்றியது. தண்ணீர் ஊறினால் சேவல் அறுப்பதாக அம்மா கருப்பராயனுக்கு வேண்டிக்கொண்டாள். பருந்துக்குத் தப்பிய ஒரே ஒரு குஞ்சுதான் வீட்டில் இருந்தது.

"ஏனுங்க சோசியரே, இது சேவலுங்களா?"

சோசியர் ஊதினார். "சந்தேகமே வேண்டாமுங்க அம்மிணி. மிருகாஸ்பத்திரி டாக்டரே வந்தாலும் என்ற பேச்சுத்தான் நிக்கும்."

மழை பெய்தது, கிணறு ஊறியது. கோழிக்குக் கொண்டை மட்டும் வளரவில்லை. கூவவும் இல்லை. அப்போது பால் சொசைட்டியில் வேலை பார்த்த நான் சோசியரிடம் வாய்விட்டே கேட்டேன்.

"அடக்கமான சேவலுங்க தம்பி" என்றார்.

சாமி காரியத்தில் சந்தேகம் கூடாது என்று அம்மா என் வாயை அடைத்தாள்.

பொங்கல் வைத்த அன்று, சொந்தபந்தமெல்லாம் கூடி நிற்க, பூசாரி தண்ணீர் தெளித்தார். கோழி சிலிர்த்தால் சாமி உத்தரவு. அது சிலிர்த்தது. சிலிர்த்த கையோடு முட்டையும் போட்டது.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. "சாமி முன்னால என்ற மானத்த வாங்கிப்போட்டீங்களே!"

சோசியர் முட்டையை வெயிலில் தூக்கிப் பார்த்தார். "இது சேவல் முட்டைங்க" என்றார். பூசாரி கத்தியோடு திரும்பியபோது ஆளைக் காணோம். ஓடிவிட்டான் மனிதன் என்று காறித் துப்பினோம்.

பொங்கல் ஆறுவதற்குள் திரும்பி வந்தார். கக்கத்தில் அவர் வீட்டுக் கோழி. தனிக்கட்டையான அவருக்கு வீட்டில் இருந்த ஒரே துணை. செக்கச்சிவந்த கொண்டையும் வளைந்த வாலுமாக வழியெல்லாம் கூவிக்கொண்டே வந்தது.

"இது பொட்டைதானுங்க. ஆனா என்னமோ கூவித் தொலைக்குது. சாமி சேவலாட்டம் நெனச்சுக்கட்டும்" என்று பூசாரியிடம் நீட்டினார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

விருந்தில் கறி வந்தபோது இலையைக் கையால் மறைத்தார். அதுவரை அவரைத் திட்டித் தீர்த்த அம்மா, அவருக்கு மோர் ஊற்றினாள்.

அடுத்த ஈடு குஞ்சு பொரித்ததும் அம்மா முதலில் ஆளனுப்பியது அவருக்குத்தான். தொங்கவிட்டார், ஊதினார், தீர்ப்புச் சொன்னார். எல்லாவற்றுக்கும் அம்மா "சரிங்க" என்றாள். "உங்களுக்கும் ஒண்ணு, நல்ல பொட்டையாப் பாத்து எடுத்துக்கங்க."

வெகுநேரம் ஆராய்ந்து ஒன்றைத் துண்டில் பொதிந்துகொண்டார். அது சேவலாகத்தான் இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். ஒருவரும் சிரிக்கவில்லை.