மடக்கு நாற்காலி போட்ட இடம்

பரணைச் சுத்தம் செய்யாமல் தப்பிக்க மனிதர்கள் என்னென்னவோ செய்திருக்கிறார்கள். நம்மாள் கலைஞர் ஆனார்.

"இனிமே ஞாயித்துக்கிழமைல என்னைத் தேடாதே," என்று காபியை உறிஞ்சிக்கொண்டே அறிவித்தார். இன்சூரன்ஸ் ஆபீஸில் முப்பது வருஷம் ஃபைல் தள்ளிய கை காற்றில் ஒரு கோடு இழுத்தது. "தெருத்தெருவா போய் வாட்டர்கலர் பண்ணப் போறேன். நேர்ல பாத்து, அங்கேயே உக்காந்து வரையணும். அதான் உசத்தி."

"அப்ப பரண்?"

"கலைக்கும் பரணுக்கும் என்னடி சம்பந்தம்?"

ஆறு மாதமாக இழுத்துக்கொண்டிருந்த விவகாரம் அது. ஓடாத ஃபேன், கைப்பிடி போன சூட்கேஸ், யார் யாரோ பரிசளித்த பதினோரு சுவர்க்கடிகாரம் எல்லாம் மேலே தூசியில் தூங்கின. அம்மணி இந்நேரம் சாமியாடியிருக்க வேண்டும். ஆடவில்லை.

"எவ்வளவு நேரம் உக்காரணும்?" என்றாள்.

"மூணு மணி நேரம். அசையவே கூடாது. எதிர்ல இருக்கறதையே உத்துப் பாத்துக்கிட்டு இருக்கணும்."

"ஓஹோ. அப்ப வாஷிங் மெஷின் மெக்கானிக் கடைக்கு எதிர்ல உக்காருங்களேன். அந்த நீல ஷட்டர் ரொம்ப அழகுங்க."

நம்மாளுக்குப் புல்லரித்துவிட்டது. இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் அவள் நிறம் பற்றிப் பேசியதெல்லாம் அவருடைய சட்டைக் காலரைப் பற்றித்தான்.

ஞாயிறு காலை கிளம்பினார். மடக்கு நாற்காலி, தலையில் தொப்பி, மடியில் அட்டை, காலடியில் ஜாம் பாட்டிலில் தண்ணீர். ஷட்டர் பாதி திறந்திருந்தது. ஒரு கண்ணை மூடி, பிரஷ்ஷை நீட்டி அளந்தார். முறைத்தார், குனிந்து எதையோ குறித்தார், மறுபடி முறைத்தார். உள்ளேயிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. மறைந்தது. மறுபடி எட்டிப் பார்த்தது. அரை மணி ஆனதும் மெக்கானிக் பையைத் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினான்.

வீட்டுக்கு வந்தால் வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மாதமாகப் போனில் "ஊர்ல இல்லீங்க" என்று சொன்னவன் ரிப்பேர் செய்துவிட்டுப் போயிருந்தான்.

"எப்படிடி வந்தான்?"

"மனசாட்சி உறுத்தியிருக்கும்," என்றாள் அம்மணி. படத்தின் பக்கம் திரும்பாமலே, "பிரமாதம்ங்க!" என்றாள்.

அடுத்த வாரம் தையல்காரர் கடை. "அந்தச் சந்துல வெயில் விழற அழகே தனி!" மூன்று மாதமாகத் தைக்காத ஜன்னல் திரை மத்தியானமே வீடு தேடி வந்தது. நம்மாள் அதையெல்லாம் எங்கே கவனித்தார்? மனிதர் நிழலுக்கு எந்த ஊதா என்ற கவலையில் இருந்தார்.

மூன்றாவது வாரம் எதிர்வீட்டு டீச்சரே நேரில் வந்தார்.

"சார், அடுத்தது அந்த கார்ப்பென்டர் பட்டறையை வரைங்களேன். என்ன ஒரு இது அங்க!"

"எது?"

"அதான் சார்... கலை!"

நம்மாள் மீசையைத் தடவிக்கொண்டார். நாலாவது மாடியிலிருந்து ஒருத்தி பிளம்பர் வீட்டு வாசலைச் சிபாரிசு செய்தாள். அம்மணி எல்லாவற்றையும் காலண்டரில் குறித்துக்கொண்டாள். கண்காட்சி வைத்தால் எந்தச் சட்டை போடுவது என்பதுவரை நம்மாள் முடிவு செய்துவிட்டார்.

பட்டறைக் கதவுக்குப் பழுப்பு பூசிக்கொண்டிருந்தபோது கார்ப்பென்டர் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஐயா, ஆள் அனுப்பியிருக்கேன்னு டீச்சரம்மா போன் பண்ணிட்டாங்க. அவங்க கட்டில் சாயங்காலம் வந்துரும். எழுதிக்காதீங்கய்யா."

"எழுதலப்பா, வரையறேன்."

"எல்லாம் தெரியும்யா. மெக்கானிக்கும் டெய்லரும் சொல்லிட்டாங்க. தொப்பி போட்டுட்டு ஒருத்தர் வருவாரு, பேச மாட்டாரு, முறைச்சுக்கிட்டே இருப்பாரு, வேலை முடியாம எழுந்திருக்க மாட்டாருன்னு. ஐயா எந்த டிபார்ட்மென்ட்டுங்க?"

அப்போதுதான் நம்மாளுக்கு உறைத்தது. ஈரம் காயாத படத்தோடு வீட்டுக்குப் பாய்ந்தார்.

"என்னை என்ன அடியாளாவா வச்சிருக்கே?"

"சேச்சே! அடிக்கவா சொன்னேன்? சும்மா உக்காரத்தானே சொன்னேன்?"

"அப்ப என் கலை?"

"நல்லவேளை, அதை யாரும் எட்டிப் பாக்கல. பாத்திருந்தா பயம் போயிருக்கும்."

பாவம், மனிதருக்கு நெஞ்சிலேயே தைத்துவிட்டது. "இனிமே வீட்டை விட்டு அசைய மாட்டேன்! பிரஷ்ஷைத் தொட்டா என்னை ஏன்னு கேளு!" என்று சபதம் போட்டார். அடுத்த ஞாயிறு பேப்பரோடு சோபாவில் சாய்ந்தார். பரணைப் பற்றி அவள் மூச்சே விடவில்லை. ஜெயித்தாயிற்று என்று காலை நீட்டினார்.

அம்மணி அவருடைய மடக்கு நாற்காலியைக் கொண்டுவந்து சோபாவுக்கு எதிரே போட்டாள். அவருடைய தொப்பியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு கண்ணை மூடி, பிரஷ்ஷை நீட்டி அவரை அளந்தாள். பரணை ஒரு பார்வை பார்த்தாள். மறுபடி அவரை. குனிந்து எதையோ குறித்தாள்.

நம்மாள் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். பேப்பருக்கு அந்தப் பக்கம் ஜாம் பாட்டிலில் பிரஷ் அலம்பும் சத்தம் நிதானமாகக் கேட்டது.

மெக்கானிக்காவது அரை மணி தாங்கினான். நம்மாள் பதினெட்டாவது நிமிஷம் ஏணியில் இருந்தார்.