தலைவர் குரலை விரித்த கதை

நெருப்பைக் கண்டுபிடித்த பிறகு மனிதகுலம் சாதித்த அடுத்த பெரிய காரியம், 2007-இல் சிதம்பரத்து மினிபஸ் உரிமையாளர் சங்கம் பேருந்து நிலையத்தில் நிறுவிய தானியங்கி அறிவிப்புப் பெட்டிதான்.

அதற்கு நிரல் எழுதியவள் கடலூர் அருள்மொழி. பெட்டியின் நினைவகம் கடுகளவு. ஆகவே சங்கத் தலைவர் சபாபதியின் ‘கணீர்’ குரலைச் சுருக்கித்தான் அடைத்தாள். ஒலியை எண்களாக்கி, ஒவ்வொரு எண்ணும் முந்தையதைவிட எவ்வளவு ஏறியது, இறங்கியது என்பது மட்டும் உள்ளே இருக்கும். ஒலிக்கும்போது ஒன்றோடொன்று கூட்டி விரித்தால் குரல் வந்துவிடும்.

திறப்பு விழாவில் பெட்டிக்கு மாலை போட்டுப் பொத்தானை அழுத்தினார்கள். முதலில் வந்த “வணக்கம்” கச்சிதம். அடுத்த அறிவிப்பு, தகரத்தில் ஆணி இழுத்ததுபோல் “க்ர்ர்ரீங்ங்!”

அருள்மொழிக்குக் காரணம் புரிந்துவிட்டது. புது அறிவிப்பு தொடங்குமுன் பழைய கூட்டுத்தொகையைப் பூஜ்ஜியமாக்க மறந்திருந்தாள். சோதித்ததும் வணக்கத்தை மட்டும்தான். அவள் வேலை நிரந்தரமாவதோ தலைவர் தரும் ‘திருப்திக் கடிதத்தில்’ இருந்தது.

அதற்குள் செயலாளர் தேவநாதன் கைதட்டினார். “அப்படியே தலைவர் கொரலு!”

“மேடையில பேசுற மாதிரியே இருக்குது மாமா” என்றார் பொருளாளர் சுப்புராயன். தலைவர் கண்கலங்கினார்.

“சார், அது தப்பா வருது. சரி பண்ணிடறேன்” என்றாள் அருள்மொழி.

“என்னாம்மா தப்பு? என் கொரலு எனக்குத் தெரியாதா?”

பெஞ்சிலிருந்த தங்கம்மாள் எழுந்து வந்தாள். “ஏம்மா, பரங்கிப்பேட்ட வண்டி எப்பன்னு சொல்லிச்சா அது? மவ பிரசவத்துக்குச் சேந்திருக்கா. மதியத்துலேருந்து குந்தியிருக்கேன்.”

அருள்மொழி தலைவரைப் பார்க்கவில்லை. மடிக்கணினியைத் திறந்து ஒரே ஒரு வரியைச் சேர்த்தாள். பொத்தானை அழுத்தினாள்.

நிலையம் முழுக்கத் தலைவர் குரல் தேனாக ஒலித்தது: “பரங்கிப்பேட்டை வண்டி மூணு பத்துக்குப் பொறப்படும்... போதுமாய்யா தேவநாதா? செல்போன்ல பதியறத நிறுத்து. டயமாவது ஒண்ணாவது! வண்டி ரொம்பாம எவனும் எடுக்கக் கூடாது, சொல்லிட்டேன்.”

தங்கம்மாள் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று ஒன்பது. விறுவிறுவென வண்டியில் ஏறி, “எடுய்யா!” என்றாள். நிலையமே “எடுய்யா!” என்றது. பதினோரு காலி இருக்கைகளோடு வண்டி கிளம்பியது.

அருள்மொழிக்குத் திருப்திக் கடிதம் கிடைக்கவில்லை. அவசரக் கூட்டத்தின் ஏகமனதான தீர்மானம்தான் கிடைத்தது: “மேற்படி பெட்டி பழுதடைந்து, பயணிகளுக்குப் புரியும் நிலையை எட்டிவிட்டது. உடனே செம்மைப்படுத்துக.”